அவனிடமே கேட்போம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிடியரிசி சேர்த்தும், கல்லையும் மணலையும் தலைச்சுமையாய்ச் சுமந்தும் நம் முன்னோர் எழுப்பிய ஆலயத்திற்கு இது பொன்விழா ஆண்டு. விழா மலருக்காகப் பங்கின் பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டிப் பார்த்தோம். ஞானஸ்நானம் பெற்றவர்கள், புதுநன்மை வாங்கியவர்கள், மெய்விவாகம் செய்துகொண்டவர்கள், நல்லடக்கம் செய்யப்பெற்றவர்கள் என எல்லாருடைய பெயர்களும் அவற்றில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு பதிவேடு மட்டும் நம்மிடம் இல்லை. கோயிலுக்கு வந்துகொண்டிருந்து, நம்மால் மனம் நொந்து, வராமல் நின்றுபோனவர்களின் பதிவேடு அது. அப்படி ஒன்று இருந்திருந்தால், அதில் ஒரு குடும்பத்தின் பெயரை ஏறச் செய்த பொறுப்பு எம்முடையதே. அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் இப்பங்கின் பொறுப்பேற்ற முதல் ஆண்டு. பாதுகாவலர் திருநாள். ஆடம்பரப் பாடற்பூசை. கோயில் கொள்ளாத கூட்டம். ஒரு பக்கம் ஒலிபெருக்கி, மறுபக்கம் புதிதாக வாங்கிய மேளமும் தாளமும். பிரசங்கம் நடந்துகொண்டிருக்கையில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறத் தொடங்கினான். தாய் அவனை மடியில் இழுத்து அணைத்தாள். அலறல் கூடிற்று. நாம் பேச்சை நிறுத்தினோம். சற்றுப் பொறுத்தோம். பிறகு ஒலிபெருக்கியிலேயே, “அந்தப் பிள்ளையை யாராவது வெளியே கொண்டுபோங்கள்” என்றோம். கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. முக்காடு நழுவியதைக்கூடச் சரிசெய்யாமல் அந்தத் தாய் மகனை இழுத்துக்கொண்டு நடு வழியே வெளியேறினாள். நாம் பிரசங்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அன்று என்ன பிரசங்கித்தோம் என்பது இன்று எமக்கே நினைவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, தவக்கால வீடு சந்திப்பில், அந்த வீட்டுப் படியேறினோம். பையன் ஒரு மூலையில் சோடா மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். எமது அங்கியைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்ததும், எமது குரலிலேயே, நாம் பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமும் அந்தச் செருமலோடு, “அந்தப் பிள்ளையை யாராவது வெளியே கொண்டுபோங்கள்” என்றான்.

தாய் பதறிவிட்டாள். “சாமி, தப்பா நினைக்காதீங்க. வேணும்னு சொல்லல. உங்களைக் கண்டா அவனுக்கு அந்தப் பேச்சுத்தான் ஞாபகம் வருது” என்றாள். காப்பி போட எழுந்து போய்விட்டாள். அடுப்படியில் அவள் அழுதது எமக்குக் கேட்டது.

அன்பர்களே, இரண்டு ஆண்டுகளாக அந்தக் குடும்பம் பூசை காணவில்லை, நாமும் கேட்கவில்லை. குருமடத்தில் தத்துவமும் வேதசாஸ்திரமும் பல ஆண்டுகள் படித்தோம். ஒரு குழந்தை ஏன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது என்பதை அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. நாமும் விசாரித்து அறியவில்லை. அன்றைக்குப் பிறகுதான் படிக்கலானோம். விவரம் அறிந்தவர்களிடம் கேட்கலானோம். அவ்வாறு அறிந்துகொண்டவற்றை இந்த விழாவின் வேளையில் உங்களோடு பகிர்ந்துகொள்வது எமது கடமையாகின்றது.

பெயரும் வரலாறும்

இந்த நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். ‘தான்’ எனப் பொருள்படும் ‘ஆட்டோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் தன்லயம் என்பார்கள், மதியிறுக்கம் என்பார்கள். புற உலகச் சிந்தனையற்றவர்கள் என்று எழுதுவோரும் உண்டு. இப்பெயர்களையெல்லாம் சற்றே உற்றுநோக்குங்கள். எல்லாமே வெளியில் நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். உள்ளே இருப்பவரைக் கேட்டு வைத்த பெயர் இவற்றுள் ஒன்றுமில்லை.

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நிலையைத் தனியாக எடுத்துக்காட்டியது. அதன்பின் நேர்ந்தது பெரிய அநியாயம். தாயின் அன்பு போதாததால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று கற்றவர்களே சொல்லத் தொடங்கினார்கள். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய ஒரு நூலால் அக்கருத்து மேலும் பரவியது. எத்தனையோ தாய்மார் செய்யாத குற்றத்துக்குக் கண்ணீர் வடித்தார்கள். ஆனால் பெர்னார்டு ரிம்லாந்து என்னும் உளநூல் அறிஞர், தாமே அத்தகைய ஒரு மகனின் தந்தை, இது தாயின் குறையன்று, மூளையின் அமைப்பைச் சார்ந்தது என்று 1964-லேயே எழுதியிருந்தார். 1977-இல் வெளிவந்த இரட்டைப் பிள்ளைகள் பற்றிய ஓர் ஆய்வு, இதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு என்று காட்டிற்று. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-இல் எழுந்த ஒரு கூற்றும் ஆய்வுகளில் நிற்கவில்லை. அதை வெளியிட்ட மருத்துவ ஏடே 2010-இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

எனவே, பெற்றோர்களே, மாமியார்மார்களே, அண்டை வீட்டார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். கருவுற்றிருந்தபோது கிரகணத்தைப் பார்த்ததால் வந்ததன்று. தாய் வேலைக்குப் போனதால் வந்ததன்று. முன்னோர் செய்த பாவத்தால் வந்ததன்று. பிறவியிலேயே குருடனாயிருந்த ஒருவனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமல்லர் என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அருளப்பர் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் இது உள்ளது. அதை ஞாயிறன்று பீடத்தில் வாசித்துவிட்டு, திங்களன்று குழாயடியில் அதே கேள்வியைக் கேட்பது நமக்குத் தகுமா?

இவர்கள் சிலர்தாமே என்று எண்ணவேண்டா. 2021-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருக்கின்றது. அந்தக் கணக்கின்படி 1,500 ஆன்மாக்கள் உள்ள ஒரு பங்கில் பத்துப் பன்னிரண்டு பேராவது இருக்கவேண்டும். அவர்களில் சிலர் ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். சிலர் பட்டம் பெற்று நல்ல வேலை பார்ப்பார்கள். ‘ஒரு மாதிரியான ஆள்’ என்று மட்டும் ஊரில் பெயரெடுத்திருப்பார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்க இடர்ப்படும் பிள்ளைகள், ஓரிடத்தில் இருக்கமுடியாமல் துள்ளும் பிள்ளைகள் ஆகியோரையும் சேர்த்து எண்ணினால் தொகை இன்னும் கூடும். நம் கோயிலில் அவர்கள் எங்கே அமர்ந்திருக்கிறார்கள்?

அவர்கள் சொல்வது

அதே ஒன்பதாம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி. பார்வை பெற்றவனைப் பற்றி அயலார் தமக்குள் வாதிடுகிறார்கள். பரிசேயர் விசாரணை நடத்துகிறார்கள். பெற்றோரை அழைத்துக் கேட்கிறார்கள். மகன் வயது வந்தவன், அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று பெற்றோர் சொல்லிவிடுகிறார்கள். பயத்தினால் சொன்னார்கள் என்பது உண்மையே. ஆயினும் அந்த அதிகாரம் முழுவதிலும் இதைவிடப் புத்தியான யோசனையை வேறு யாரும் சொல்லவில்லை. நாமும் அவர்களிடமே கேட்போம். ஆட்டிசம் உடையவர்கள் பலர் தங்கள் வாழ்வைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள்.

டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையார் 1947-இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். மூன்றரை வயது வரை பேசவில்லை. விடுதியில் ஒப்படைத்துவிடலாம் என்ற யோசனையைத் தாய் ஏற்கவில்லை. இன்று அவர் கால்நடை அறிவியலில் பேரறிஞர்; மாடுகளை அச்சுறுத்தாமல் நடத்திச் செல்லும் அடைப்பு வழிகளை அமைத்துப் புகழ்பெற்றவர். 1986-இல் தம் வரலாற்றை எழுதினார். பள்ளியில் அடிக்கும் மணியோசை தமக்கு எப்படி இருந்தது என்று அவர் விளக்குகிறார். பல் மருத்துவர் துளையிடும் கருவி நரம்பில் பட்டால் எப்படியிருக்குமோ, அப்படியிருந்ததாம். இதைப் படித்தபோது எமக்கு நம் கோயில் நினைவுக்கு வந்தது. அந்தத் திருநாளன்று ஒலிபெருக்கியும் தாளமும் நம் காதுக்கு இசையாயிருந்தன. அந்தப் பையன் காதில் ஊசியாய் இறங்கியிருக்கின்றன. குழல்விளக்கின் முணுமுணுப்பு, சாம்பிராணிப் புகை, நெரிசலில் உரசும் தோள்கள், திருநாள் சட்டையின் மொடமொடப்பு எல்லாம் ஒரே நேரத்தில் மேலே விழும்போது உடலும் மனமும் தாங்காமல் உடைகின்றன. அதை நாம் அடம் என்றோம். அடம்பிடிக்கும் பிள்ளை ஒன்றைக் கேட்டு அழும், கொடுத்தால் நிறுத்தும். இப்பிள்ளை எதையும் கேட்கவில்லை. வலித்ததால் அலறினான்.

அவ்வம்மையார் சொல்லும் இன்னொரு செய்தி பிரசங்கிகளாகிய எங்களைச் சிந்திக்கவைக்கிறது. அவர் சொற்களால் சிந்திப்பதில்லை, படங்களால் சிந்திக்கிறார். ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சிறுவயதில் அவர் சொன்னபோது, மகிமை என்றால் வானவில்லும், வல்லமை என்றால் மின்சாரக் கோபுரமும் கண்முன் வந்தனவாம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, ஆண்டவர் தம்மை வாயில் என்று குறிப்பிடும் பகுதியை ஒரு போதகர் பிரசங்கித்தார். மற்றப் பிள்ளைகள் கேட்டு மறந்தார்கள். இவர் அந்த வாயிலைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்! ஒவ்வொரு கதவாகப் பார்த்து, விடுதியின் மேல்மாடத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு கதவைக் கண்டபோது, இதுதான் அது என்று அமைதியடைந்தார். நம் பிரசங்கத்தைக் கேட்டு உடனே எழுந்து தேடப் புறப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? மறைக்கல்வி ஆசிரியர்களே, இப்பிள்ளைகளிடம் நேராகப் பேசுங்கள். ‘ஒரு நிமிடத்தில் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு அரைமணி கழித்து வந்தால், அவர்கள் கணக்கில் அது பொய்.

கண்ணைப் பார்த்துப் பேசு என்று இவர்களை அதட்டுகிறோம். கண்ணைப் பார்த்தால் காதில் விழும் சொல்லை வாங்கமுடியவில்லை என்று அவர்களில் பலர் சொல்லுகிறார்கள். கையைத் தட்டுவதும், விரல்களை ஆட்டுவதும், முன்னும் பின்னும் அசைவதும் பயித்தியத்தின் அடையாளமல்ல. அலைமோதும் மனத்தை நிலைநிறுத்த அவர்கள் கண்ட வழி. நாம் செபமாலை மணிகளை உருட்டும்போது மனம் அடங்குவதில்லையா? சொன்னதையே திரும்பச் சொல்வதும் வெறும் கிளிப்பேச்சன்று. புதிய வாக்கியத்தைக் கட்டமுடியாதபோது, கேட்டு மனத்தில் வைத்திருக்கும் வாக்கியத்தை எடுத்துத் தம் கருத்தைச் சொல்லுகிறார்கள். அந்தப் பையன் எமது குரலில் எமக்குச் சொன்னதை இப்படித்தான் புரிந்துகொண்டோம். “நீ யார் என்று எனக்குத் தெரியும், நீ என்னை வெளியே அனுப்பியவர்” என்பதே அதன் பொருள்.

1993-இல் ஜிம் சின்கிளேர் என்னும் ஆட்டிசம் உடையவர் பெற்றோர்களை நோக்கி ஓர் உரை எழுதினார். அதன் சாரம் இது: நீங்கள் எதிர்பார்த்த குழந்தை வரவில்லையே என்ற துயரம் உங்களுக்கு உண்டு, அது இயல்பு. ஆனால் அந்தத் துயரத்தை வந்திருக்கும் குழந்தையின்மேல் இறக்கிவைக்காதீர்கள். அவனுக்குள் வேறொரு பிள்ளை ஒளிந்திருப்பதாக எண்ணித் தேடாதீர்கள். வந்திருப்பவன் இவனே, இவனுக்குத்தான் நீங்கள் வேண்டும். பெற்றோர்களே, இது கடினமான சொல்தான். இரவெல்லாம் தூங்காத பிள்ளையோடு விழித்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல எமக்கு என்ன தகுதி என்றும் கேட்கலாம். எமது சொல்லாக அன்று, உங்கள் பிள்ளையைப் போன்ற ஒருவரின் சொல்லாக இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். தாமே ஆட்டிசம் உடையவரான டேமியன் மில்ட்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 2012-இல் ஒரு கேள்வி எழுப்பினார். எங்களுக்கு உங்கள் மனம் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு எங்கள் மனம் புரிகிறதா? புரியாமை இரு பக்கத்திலும் இருக்கையில், பழியை மட்டும் ஒரு பக்கத்தில் போடுவது ஏன்? 2020-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நம் பிள்ளைகள் காதோடு காதாகச் செய்தி சொல்லி விளையாடுவார்களே, அதைப் போல ஒரு கதையை ஒருவர் ஒருவருக்குச் சொல்லவேண்டும். ஆட்டிசம் உடையவர்களே ஒரு வரிசையாக நின்று சொன்னபோது, மற்றவர்களின் வரிசைக்குச் சமமாகவே கதை போய்ச் சேர்ந்தது. இரு சாராரும் கலந்து நின்ற வரிசையில்தான் கதை மிகுதியாகச் சிதைந்தது. ஆகவே, பழுது ஒருவருக்குள் இல்லை. இருவருக்கும் இடையில் உள்ளது. பாலம் கட்டும் வேலையில் பாதி நம்முடையது.

குருக்களிலும் இத்தகையவர்கள் உண்டு. கனடா நாட்டில் பிறந்த மத்தேயு ஷ்னைடர் என்னும் குரு, தாம் ஆட்டிசம் உடையவர் என்பதை 2019-இல் வெளிப்படையாக அறிவித்தார். தம்மைப் போன்றவர்கள் செபிப்பதற்கு வழிகாட்டும் ஒரு நூலை 2022-இல் வெளியிட்டார். இறையழைத்தல் இவர்களுக்கு இல்லை என்று இனி யார் சொல்லமுடியும்?

திருச்சபையின் மனம்

2014-ஆம் ஆண்டு நவம்பரில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஆட்டிசம் உடையவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வத்திக்கானில் சந்தித்து, அவர்களைத் தனிமையிலும் அவமானத்திலும் விட்டுவிடலாகாது என்று வலியுறுத்தினார். 2018 நவம்பரில், பொது மறையுரையின் நடுவே, பேச இயலாத ஒரு சிறுவன் மேடையேறி ஓடி விளையாடினான். தாய் ஓடிவந்து இழுத்தாள். திருத்தந்தையோ, விடுங்கள், விளையாடட்டும் என்றார். பிறகு, இறைவன் முன்னிலையில் நானும் இவனைப் போலச் சுதந்திரமாக இருக்கிறேனா என்று ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும் என்று மக்களுக்குச் சொன்னார். திருத்தந்தை மேடையில் ஓடிய பிள்ளைக்கு இடங்கொடுத்தார். பங்குத்தந்தை காதைப் பொத்திய பிள்ளைக்கு இடங்கொடுக்கவில்லை. இந்த வேறுபாட்டை எண்ணி நாம் வெட்கப்படுகிறோம்.

இவர்களுக்குத் தேவதிரவிய அநுமானங்கள் கொடுக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தக்க வேளையில் தக்க மனநிலையோடு கேட்பவர்களுக்குக் குருக்கள் அவற்றை மறுக்கக்கூடாது என்பது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 843. குழந்தைகள் தங்கள் சக்திக்கு ஏற்ப அறிந்திருந்தால் நற்கருணைக்குப் போதுமென்பது சட்டம் 913-இன் கருத்து. மாற்றுத்திறனாளிகளுக்கு எவரும் தேவதிரவிய அநுமானங்களை மறுக்கலாகாது என்று 2020-இல் வெளிவந்த மறைக்கல்வி வழிகாட்டி நூலும் எடுத்துரைக்கின்றது. சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாட்டை வாயால்தான் சொல்லவேண்டும் என்பதில்லை. சைகையாலோ, வணக்கமான மௌனத்தாலோ காட்டினாலும் போதும் என்று அமெரிக்க ஆயர்கள் 1995-லேயே தெளிவுபடுத்தினார்கள்.

அந்தப் பையனைப் புதுநன்மைக்கு ஆயத்தம் செய்தோம். கன்னியர் மடத்திலிருந்து எழுந்தேற்றம் செய்யப்படாத அப்பங்களை வாங்கி, தாய் வீட்டில் பழக்கினாள். முதலில் துப்பினான், அண்ணத்தில் ஒட்டியது பிடிக்கவில்லை. மிகச் சிறு துண்டாகக் கொடுத்தபோது விழுங்கினான். பூசையின் ஒவ்வொரு பகுதியையும் புகைப்படமாக எடுத்து ஒரு சிறு புத்தகமாகக் கட்டிக்கொடுத்தோம். யாருமில்லாத மாலை நேரங்களில் கோயிலுக்கு வந்து போனான். வரும்போதெல்லாம் பேழைக்கு முன் எரியும் சிவப்பு விளக்கருகே நிற்பான். ஓயாமல் ஆடும் விரல்கள் அங்கே மட்டும் அசையாமல் நிற்கும். வீட்டில் அப்பத்துக்கு முன் அவன் அப்படி நின்றதில்லை என்று தாய் சொன்னாள். எமக்கு வேறு பரீட்சை தேவைப்படவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, ஒலிபெருக்கி இல்லாமல், மணி இல்லாமல், பதினான்கு பேர் நடுவே அவன் ஆண்டவரை உட்கொண்டான். காது கேளாதவனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துப்போய்ச் சுகமாக்கினார் ஆண்டவர் என்று மாற்கு எழுதியிருப்பதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். தனியே அழைத்துப்போனதன் காரணம் அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, இடம். பக்கவாயிலருகே இரண்டு பெஞ்சுகளை இக்குடும்பங்களுக்கென ஒதுக்குவோம். வேண்டும்போது எழுந்து போகவும், மீண்டும் வரவும் தடையிருக்கலாகாது. பழைய மறைக்கல்வி அறையை அமைதி அறையாக்குவோம். காதடைப்பான் அணிந்து ஒரு பிள்ளை வந்தால், பாட்டுக் கேட்கிறான் என்று எண்ணி அதட்டவேண்டா.

இரண்டாவது, ஓசை. மாதத்தில் ஒரு பூசையாவது மேளமின்றி, ஒலிபெருக்கியைக் குறைத்து, சாம்பிராணியின்றி நடக்கட்டும். வயதானவர்களும் அதை விரும்புவார்கள். சமாதான வாழ்த்தைக் கைகூப்பிச் சொல்லும் நம் நாட்டு வழக்கம் இவர்களுக்கு மிகவும் ஏற்றது. தொடாமலே அன்பு காட்டலாம்.

மூன்றாவது, நா. பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி அக்குடும்பங்களை ஊர் ஊராக அலையவைக்காதீர்கள். குணமாக்கிவிடுகிறேன் என்று பணம் கேட்பவரிடம் அனுப்பாதீர்கள். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து கிடையாது. பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளுக்கான பயிற்சியும், சிறுவயதிலேயே தொடங்கினால், பெரிதும் உதவும். அந்தத் தாய் தண்ணீர் எடுக்கப் போகும் அரைமணி நேரம் பிள்ளையோடு இருக்கிறேன் என்று சொல்லுங்கள். நூறு ஆலோசனைகளைவிட அது பெரிது.

நான்காவது, எதிர்காலம். “நாங்கள் போனபின் இவனை யார் பார்ப்பார்?” இந்தக் கேள்வியைச் சொல்லாத பெற்றோர் இல்லை. ஆட்டிசம் உடையவர்களுக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்துக்கொண்டது. சான்றிதழ் பெறவும், விண்ணப்பம் எழுதவும் வின்சென்ட் தே பவுல் சபையார் இக்குடும்பங்களுக்குத் துணைநிற்பார்களாக. சட்டம் பாதி தூரம் வரும். மீதித் தூரம் பங்குதான் வரவேண்டும்.

ஐந்தாவதும் முதன்மையானதும், கேட்டல். எரிக்கோ சாலையோரம் கூவிய பார்த்திமேயுவைச் சும்மா இரு என்று கூட்டம் அதட்டிற்று. ஆண்டவரோ நின்றார், அழைத்தார், நான் என்ன செய்யவேண்டும் என்று அவனையே கேட்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். இவர்களுக்கு இதுதான் நல்லது என்று நாம் தீர்மானிக்குமுன், பேசமுடிந்தவரைப் பேச்சால் கேட்போம். எழுதமுடிந்தவரை எழுத்தால் கேட்போம். இரண்டும் இயலாதவரின் கையும் முகமும் காலும் எதை நாடுகின்றன, எதைவிட்டு ஓடுகின்றன என்று பொறுமையாய்ப் பார்த்து அறிவோம். உடம்பில் பலவீனமாய்த் தோன்றும் உறுப்புகளே இன்றியமையாதவை என்று சின்னப்பர் எழுதியது அலங்காரப் பேச்சன்று.

இறுதியாக, வாணவேடிக்கை. பொன்விழாத் தேர்ப்பவனியில் வெடி கிடையாது, பவனி முடிந்தபின் முன்கூட்டியே அறிவித்த நேரத்தில் மட்டும் வாணம் விடலாம் என்று பங்குப் பேரவையில் யோசனை சொன்னோம். இளைஞர் சங்கத்தார் முகம் சுளித்தார்கள். ஐம்பதாண்டு விழா, ஒரு வெடிகூட இல்லாமலா என்று பெரியவர்களும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், தேர் நம் தெருக்களில் வரும்போது, கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டிருக்குமானால், அந்தத் தெருவில் நாம் யாரைப் பவனியாகக் கொண்டுபோகிறோம்? தீர்மானம் இன்னும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு பேரவை கூடுகிறது. அதற்குமுன் நீங்கள் அவ்வீடுகளுக்குச் சென்று, அவர்களையே கேட்டுவிட்டு வாருங்கள் என்று வேண்டிக்கொள்ளுகிறோம்.

அந்தப் பையன் இப்பொழுது ஞாயிறுதோறும் வருகிறான். பக்கவாயிலருகே நாம் நிற்போம். சில நாள், எம்மைக் கண்டதும், தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்தப் பிள்ளையை யாராவது வெளியே கொண்டுபோங்கள்” என்கிறான். சொன்ன சொல்லை நம்மால் திரும்ப வாங்கமுடியவில்லை. ஆனால், சொல்லிவிட்டு, அவன் உள்ளே வந்து தன் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறான்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.